கிணறு உங்கடதுதான், தண்ணி?

நிலத்துக்கு மேல வைக்கிற நீச்சல் தடாகத்தை 'நாங்களே பூட்டீட்டம்' எண்டு படம் போடுறவையிட்ட ஒரு கேள்வி: எதைப் பூட்டினனீங்கள்?

கம்பியும் பிளாஸ்ரிக் விரிப்பும் அரைநாள் வேலை. மிச்சமெல்லாம் நிலமும் தண்ணியும்தான். 15 அடி விட்டமும் 4 அடி உயரமும் உள்ள தடாகம் கிட்டத்தட்ட 17,000 லீற்றர் பிடிக்கும். அதாவது 17 தொன் பாரம். நிலம் ஒரு பக்கம் பதிஞ்சிருந்தால் தண்ணி அந்தப் பக்கச் சுவரைத் தள்ளும். பள்ளத்தில மண் கொட்டி நிரப்பினால் பாரத்துக்கு அது திரும்பவும் இறங்கும். மேட்டை வெட்டித்தான் மட்டப்படுத்தோணும்.

நிலத்தை மட்டப்படுத்தச் சொல்லிப் பெட்டியோட வாற புத்தகத்திலயே இருக்கும். யாழ்ப்பாணத்துத் தண்ணியைப் பற்றி அதில இராது.

'எங்கட வளவு, எங்கட கிணறு' எண்டுவினம். குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள்ள தேங்கினதைத்தான் எல்லாக் கிணறும் பங்குபோடுது. அந்த நன்னீருக்குக் கீழ உப்புத்தண்ணி. அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உப்பு மேல ஏறும். வெளிநாட்டுச் சொந்தங்கள் வாற ஆகஸ்டில, மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கேக்க, கிழமைக்கொருக்கா ஊத்திவிட்டுத் திரும்ப மோட்டர் போட்டு நிரப்புறது அயலட்டையின்ர தண்ணியில விளையாடுறது.

தடாகம் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. கடல் சூழ்ந்த ஊரில பிள்ளையளுக்கு நீச்சல் தெரியோணும். அப்ப வடிகட்டி பூட்டி ஒரே தண்ணியை வைச்சிருங்கோ. சுத்திவர வேலி அடையுங்கோ. அயல் பிள்ளையளையும் கூப்பிட்டுப் பழக்குங்கோ. பொதுத்தண்ணியில ஒரு வீட்டுப் பிள்ளையள் மட்டும் நீந்துறது நியாயமில்லை.