பேதம் உள்ளவர் யார்?

1907இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைப் படிக்கையில் ஒரு சொல் என்னை நிறுத்துகிறது: ‘சாதிபேதமுள்ள திராவிடர்’. அரசு ‘பஞ்சமர்’ என்று எழுதிய மக்களை அவர் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்றார். மற்றவர்களுக்கு வைத்த பெயர்தான் இது. இழிவு ஒடுக்கப்பட்டவரிடம் இல்லை, பேதம் பார்ப்பவரிடமே இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

இன்றைய நாளிதழ்களைப் பாருங்கள். வெட்டுப்பட்டவர் ‘தலித் இளைஞர்’. வெட்டியவர் ‘மாற்றுச் சமூகத்தினர்’. நடந்தது ‘இரு தரப்பினரிடையே மோதல்’. செத்தவருக்கு மட்டும் சாதி உண்டு, கொன்றவருக்கு இல்லை. இது நடுநிலை அல்ல, அடைக்கலம். ஆதிக்கச் சாதியைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரு பைசா இதழுக்கு இருந்த துணிவு உங்களுக்கு ஏன் இல்லை?