கிலி ஜோசியர்கள்

மொழிபெயர்ப்பாளன் மேஜைக்கு வந்து, எழுந்து போக மறுக்கும் சொற்கள் சில உண்டு. போன வாரம் வந்தது 'டூம்மங்கர்'.

ஆங்கிலத்தில் 'மங்கர்' என்றால் வியாபாரி. மீன் விற்றால் ஃபிஷ்மங்கர். இரும்புச் சாமான் விற்றால் அயர்ன்மங்கர். உலகம் அழியப்போகிறது என்று விற்றால் டூம்மங்கர். தமிழில் 'பீதியைக் கிளப்புபவர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இதில் பீதி இருக்கிறது, கல்லாப்பெட்டி இல்லை. காசு குலுங்கும் சத்தம் கேட்கிற மாதிரி ஒரு சொல் வேண்டும்.

முதலில் பழைய சொல்லான ஊழியைத் துணைக்கு அழைத்தேன். ஊழியை வைத்துப் பிழைப்பவர் ஊழியர். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் மறுநாளே எல்லா ஊழியர் சங்கங்களும் அலுவலக வாசலில் கொடி நட்டுவிடும். உலகத்துக்கு முடிவுரை எழுதுபவர் என்பதால் 'முடிவுரையாளர்' என்று போட்டுப் பார்த்தேன். பட்டிமன்ற நடுவர் மாதிரி கௌரவமாக இருந்தது. பீதியை விற்றுப் பட்டு உடுத்துபவர் 'பீதியாம்பரர்'. பெருமாள் கோபித்துக்கொள்வார்.

பக்கத்து மேஜை நண்பர்தான் வழி காட்டினார். "கிளி ஜோசியர் இருக்காரே சார், அதுல ளகரத்தை மட்டும் மாத்துங்க." கிலி ஜோசியர்! ஒரே எழுத்தில் வேலை முடிந்தது. மரத்தடி கிளி ஜோசியரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் சில்லறை வாங்கிக்கொண்டு கல்யாணம் கூடிவரும் என்பார். இவர் கத்தையாக வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்கு ஆளே இருக்காது என்பார்.

1962 பிப்ரவரி முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகர ராசியில் சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஏழும் கேதுவுடன் கூடுகின்றன. அஷ்டகிரகச் சேர்க்கையை பூமி தாங்காது என்றார்கள். வட இந்தியாவில் ஊர் ஊராக யாகங்கள் நடந்தன. நேரு பகிரங்கமாகவே சிரித்தார். பிரதமர் சிரிப்பதால் பயம் போய்விடாது. நெய் டின் டின்னாக அக்கினியில் இறங்கியது. 6ஆம் தேதி பொழுது வழக்கம்போல விடிந்தது. கடைசி நாள் வந்துவிட்டது என்று உண்மையிலேயே நம்புகிறவர் தட்சிணை வாங்க மாட்டார். நெய்க்கு ரொக்கம் கேட்க மாட்டார். கேட்டால், அவருக்கு 6ஆம் தேதியில் செலவு இருக்கிறது என்று அர்த்தம். கிலி ஜோசியரைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை இல்லை.

1979இல் வந்தது ஸ்கைலாப். 77 டன் எடையுள்ள அமெரிக்க விண்வெளி நிலையம், எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஸ்கைலாப் படம் போட்ட டி-ஷர்ட் விற்றார்கள். இங்கே, இருப்பதைத் தின்று தீர்த்துவிடலாம் என்று ஆட்டை அறுத்த கதைகளைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. இந்த வகை வருமானத்துக்குச் சொல் தேடவே வேண்டாம்: 'ஸ்கைலாபம்'.

தொல்காப்பியர் அச்சத்துக்கு நான்கு காரணங்கள் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். கிலி ஜோசியரின் சாமர்த்தியம், முதலாவதைக் காட்டி மூன்றாவதை மறைப்பது. அணங்கைப் பார்த்து நாம் நடுங்கும்போது கள்வர் பக்கத்திலேயே நின்று ரசீது போடுகிறார்.

ஆனால் புதுச்சொல் கையில் கிடைத்ததும் எல்லார் மீதும் எறியக் கூடாது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கம்ப்யூட்டர்கள் குழம்பும் என்றார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் ஏமாற்று என்றோம். உண்மையில் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய கோளாறு இருக்கத்தான் இருந்தது. இந்திய மென்பொருள்காரர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் வரி வரியாகத் திருத்தினார்கள். அவர்களும் காசு வாங்கினார்கள். பயத்துக்கு அல்ல, பழுது பார்த்ததற்கு. 2004 டிசம்பர் 26 அன்றோ, சுமத்ராவில் பூமி அதிர்ந்து நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எச்சரிக்க ஆள் இல்லை. சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் 2007இல்தான் வந்தது. அந்த மையம் இனி ஒருநாள் கரையை விட்டு விலகச் சொல்லும்போது 'போய்யா, கிலி ஜோசியர்' என்று நாம் சிரித்தால், சொல்லைச் செய்தவன் பாவத்தில் பங்கு பெறுவான்.

பாவம் என்றதும் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2012 டிசம்பர் 21இல் மாயன் காலண்டர் முடிகிறது என்ற கூத்தின்போது, அப்போது வேலை பார்த்த பத்திரிகையில் நான் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தேன். தலைப்பு: 'உலகம் அழியுமா?' அழியாது என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அதுவரை யார் படிக்கிறார்கள்? அந்தக் கேள்விக்குறிதான் எங்கள் கிளி. மூக்குக்கூட அப்படியே வளைந்திருக்கும். இதழ் நன்றாக விற்றது.

இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, எனக்கு சீட்டு ஜனவரியில முடியுது. பொண்ணு கல்யாணத்துக்குப் போட்டது. இப்பவே நஷ்டத்துக்கு எடுத்துடலாமா?"

ஒன்றும் ஆகாது, காத்திருங்கள் என்றேன். "அப்புறம் ஏன் தம்பி அப்படிப் போட்டீங்க?" என்றார். நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அச்சு + அகம் = அச்சகம். அச்சம் + அகம் சேர்ந்தால் 'அச்சவகம்' என்றுதான் ஆகும், அச்சகம் ஆகாது. தமிழ் எம்.ஏ.வில் படித்தது. அந்த அம்மாவிடம் இந்த விதியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.