நியாண்டர்தால் பிழைத்திருந்தால்? நல்லவேளை, பிழைக்கவில்லை!

நியாண்டர்தால் மனிதர்கள் முழுக்க அழியாமல், வடக்கே பனிப்பிரதேசத்தில் ஒரு மூலையில் இன்றுவரை தங்கியிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்வியை வைத்து இப்போது வீடியோக்கள் சுற்றுகின்றன. எனக்கே இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். "சார், நீங்க விலங்கியல் நடத்தினவர், கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று கூடவே ஒரு குறிப்பு.

கேட்டேன். தேன் தடவிய பதில். இன்னொரு மனிதச் சிற்றினம் கண்ணெதிரே நடமாடினால், நமக்குள் இருக்கும் கறுப்பு, வெள்ளை, சாதி, மதம் எல்லாம் அற்பமாகத் தெரிந்துவிடுமாம். நாம் எல்லோரும் ஒன்று என்று கைகோர்த்திருப்போமாம். ஆளுக்கு ஆள் அண்டை வீட்டுக்காரர் போலப் பழகியிருப்போமாம்.

ஒரு நாளும் நடந்திருக்காது. இது ஆசையே தவிர சிந்தனை இல்லை. அதுவும் கொஞ்சம் ஆபத்தான ஆசை.

முதலில் விலங்கியலைப் பேசி முடித்துவிடுகிறேன். நியாண்டர்தால்கள் குளிரைத் தாங்கியவர்கள்தான். குட்டையான, கட்டையான உடம்பு. ஆனால் அவர்கள் வடதுருவவாசிகள் அல்ல. ஸ்பெயின் முதல் சைபீரியாவின் அல்தாய் மலை வரை, பெரும்பாலும் நடு அட்சரேகைகளில் வாழ்ந்து, சுமார் 40,000 வருடங்களுக்கு முன் மறைந்தார்கள். யூரல் மலையின் வடகோடியில் பிஸோவாயா என்ற இடத்தில் கிடைத்த கல்லாயுதங்கள் அவர்களுடையவை என்று 2011-ல் ஒரு குழு எழுதியது. மற்றவர்கள் அதை ஒப்பவில்லை. ஆர்க்டிக்கில் பிழைக்க வெறும் உடல்வலு போதாது, உடம்போடு ஒட்டித் தைத்த தோலாடை வேண்டும், அதற்குக் காதுள்ள ஊசி வேண்டும். 71 டிகிரி வடக்கே, சைபீரியாவின் யானா ஆற்றங்கரையில் சுமார் 32,000 வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர்களிடம் அந்த ஊசி இருந்தது. அவர்கள் நம்மவர்கள். போகட்டும், கற்பனைதானே. எப்படியோ பிழைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

என் சண்டை அதற்கு அடுத்த வரியோடுதான். 'வேறொரு இனம் இருந்தால் நாம் ஒன்றாகிவிடுவோம்' என்கிற வரி.

1856-ல் ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டியவர்கள் கையில் அந்த எலும்புகள் கிடைத்தன. 1864-ல் வில்லியம் கிங் என்ற அயர்லாந்துப் பேராசிரியர் இது தனிச் சிற்றினம் என்று பெயர் வைத்தார். அந்தக் கட்டுரையில் அவர் யாரை ஒப்பிட்டார் தெரியுமா? அந்தமான் தீவுக்காரர்களை. அவர்கள் அறிவுள்ள மிருகங்களுக்குச் சற்றே மேலே இருப்பவர்கள், ஆனாலும் மண்டையோட்டின் அமைப்பால் மனிதர் என்று ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. நியாண்டர்தாலுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. அவன் எண்ணம் மிருகத்தின் எண்ணத்துக்கு மேல் எழுந்ததே இல்லை என்றார். இரண்டே வருடம் கழித்து ஹேக்கல் ஒரு பெயர் சிபாரிசு செய்தார்: ஹோமோ ஸ்டூப்பிடஸ். அதாவது மூட மனிதன்.

கவனியுங்கள். ஏணியில் கீழே ஒரு புதுப்படி கிடைத்ததும் அந்தமான்காரர் மேலே ஏறிவந்து நம் தோளில் கை போட்டுக்கொள்ளவில்லை. மூடனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆனார். ஏணி நீண்டதே தவிர உடையவில்லை. செத்துப்போன நியாண்டர்தாலின் ஒரு மண்டையோடே இந்த வேலையைச் செய்தது என்றால், உயிரோடு ஒரு கூட்டம் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? நம் சென்னை மியூசியத்தின் மேலாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நம் தாத்தாக்களின் மூக்கை அளந்தவர். மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் கணக்குப் பார்த்த காலம் அது. ஒப்பிடுவதற்கு உயிருள்ள ஒரு நியாண்டர்தால் கிடைத்திருந்தால், அந்தக் கணக்கில் நம்மில் யார் யார் அவனுக்கு எத்தனை படி தள்ளி நின்றிருப்போம் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

இது வெறும் ஊகம் என்பவர்களுக்காக ஸானாவின் கதை.

கருங்கடல் ஓரத்தில் அப்காசியா என்று ஒரு நாடு. அங்கே தீனா என்ற கிராமத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் இருந்தாள். காட்டில் பிடிபட்டவள், கரிய நிறம், உடம்பெல்லாம் முடி, அபார பலம், பேச்சு கிடையாது என்று ஊரில் சொன்னார்கள். ஒரு பிரபு அவளை வாங்கி வேலியடைப்பில் வைத்தார். பிறகு பழக்கி மூட்டை சுமக்க வைத்தார்கள். ஊர் ஆண்களால் அவளுக்குக் குழந்தைகள் பிறந்தன, நான்கு பிழைத்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் போரிஸ் போர்ஷ்னெவ் என்ற சோவியத் அறிஞர் இதைக் கேள்விப்பட்டு, முதியவர்களிடம் விசாரித்து எழுதினார். அவருக்கு ஒரே பித்து: நியாண்டர்தால்கள் அழியவில்லை, பனிமனிதன் என்று நாம் சொல்வது அவர்களைத்தான் என்பது. ஸானா அவருக்கு அல்வா மாதிரி கிடைத்தாள். அவள் மகன் ஹ்வித்தின் மண்டையோட்டைத் தோண்டியெடுத்தார்கள். உலகம் முழுக்க 'கடைசி நியாண்டர்தால் பெண்' என்று பத்திரிகைகளில் வந்தது.

2021-ல் டி.என்.ஏ. ஆய்வு வெளியானது. ஸானா நியாண்டர்தாலும் இல்லை, பனிமனுஷியும் இல்லை. உங்களையும் என்னையும் போல ஹோமோ சேப்பியன்ஸ், ஆப்பிரிக்க வம்சாவளி. ஒட்டோமான் காலத்து அடிமை வணிகம் வழியாக அந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்களின் வம்சமாக இருக்கலாம் என்கிறார்கள். உடம்பில் முடி என்பது உண்மையானால் அது ஒரு பிறவிக் கோளாறாக இருந்திருக்கலாம்.

ஆக, ஒரு நியாண்டர்தால் நம்மிடையே பிழைத்திருந்தால் என்ன நடக்கும் என்ற பரிசோதனையை நாம் ஏற்கெனவே நடத்திவிட்டோம். வேலி, சுமை, பிள்ளைகள், கடைசியில் மண்டையோடு. அவள் மனுஷி என்பதைக் கவனிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. போர்ஷ்னெவ் கெட்டவர் இல்லை, படித்தவர். அவருக்கு வேண்டியது நியாண்டர்தால். கிடைத்ததை நியாண்டர்தாலாக ஆக்கிக்கொண்டார்.

"அது படிப்பறிவில்லாத கிராமம் சார், விஞ்ஞானிகள் கையில் கிடைத்திருந்தால் பாதுகாத்திருப்பார்கள்" என்று ஒரு பதில் வரும். வரட்டும். வடக்கிலிருந்து விஞ்ஞானிகள் கைக்குப் போனவர்கள் உண்டு.

1880-ல் லாப்ரடாரிலிருந்து ஆபிரகாம் என்ற இனுயிட் தன் மனைவி மக்களோடும் இன்னும் சிலரோடும், மொத்தம் எட்டுப் பேர், ஜெர்மனிக்குக் கப்பலேறினார். அழைத்துப்போனது ஹாகன்பெக் என்ற மிருகக்காட்சி முதலாளியின் கம்பெனி. ஆபிரகாம் கிறிஸ்தவர், வயலின் வாசிப்பார், நாட்குறிப்பு எழுதுவார். அவரை பெர்லின் மிருகக்காட்சிச் சாலையில் நிறுத்தி டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். அம்மை குத்த மறந்துவிட்டார்கள். 1881 ஜனவரி முடிவதற்குள் எட்டுப் பேரும் பெரியம்மையில் போய்விட்டார்கள். பாரிஸில் இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் அங்குள்ள மியூசியத்துக்குப் போயின.

1897-ல் துருவப் பயணி ராபர்ட் பியரி, கிரீன்லாந்திலிருந்து ஒரு பெரிய விண்கல்லையும் ஆறு இனுயிட்களையும் ஒரே கப்பலில் நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். விண்கல் பிற்பாடு 40,000 டாலருக்கு விலைபோனது. ஆறு பேரை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் தங்கவைத்தார்கள். சில மாதங்களில் நால்வர் காசநோயில் இறந்தார்கள். ஒருவர் ஊர் திரும்பினார். மிஞ்சியவன் மினிக், ஏழெட்டு வயதுப் பையன். அப்பா கிஸுக்குக்கு அடக்கம் செய்கிறோம் என்று அவனை நிற்கவைத்து, ஒரு மரக்கட்டையைத் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். அப்பாவின் எலும்புகள் மியூசியத்துக்குள்ளேயே இருந்தன. இதைச் செய்தவர்கள் அடியாட்கள் அல்ல, மானுடவியல் படித்த பெரிய மனிதர்கள். அதில் ஃபிரான்ஸ் போவாஸும் உண்டு, இனவாதத்தை எதிர்த்துப் பிற்காலத்தில் புகழ்பெற்ற அதே போவாஸ்தான். பையனின் நன்மைக்காகத்தான் அந்த நாடகம் என்று அவர் சமாதானமும் சொன்னார்.

இத்தனைக்கும் இவர்கள் நம் சிற்றினம். யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. சந்தேகத்துக்கு இடமிருக்கும் ஒரு நியாண்டர்தால் கூட்டம் அங்கே இருந்திருந்தால், பியரியின் கப்பலில் ஆறு பேர் மட்டுமா ஏறியிருப்பார்கள்?

எழுத்தாளர்களில் ஹாரி டர்ட்டில்டவ் கொஞ்சம் நேர்மையாகக் கற்பனை செய்தவர். 1988-ல் வந்த அவர் புத்தகத்தில், அமெரிக்காவில் ஹோமோ எரக்டஸ் பிழைத்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வந்து அவர்களை அடிமைகளாகப் பிடிக்கிறார்கள். ராபர்ட் சாயரின் நாவலில் நியாண்டர்தால்கள் நாகரிகத்தோடு செழித்திருக்கிறார்கள். ஆனால் அந்த உலகத்தில் நாம் பூண்டோடு இல்லை! நம்மை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அவராலும் அப்படி ஓர் உலகத்தை எழுத முடிந்தது.

இன்னொன்று. அவர்கள் முழுக்க அழிந்துவிட்டதாகவும் சொல்லமுடியாது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கும் எல்லோரிடமும் ஏறக்குறைய 2 சதவீதம் அவர்களுடைய டி.என்.ஏ. இருக்கிறது. கொரோனாவைக் கடுமையாக்கிய ஒரு மரபணுத் துண்டு அவர்களிடமிருந்து வந்தது என்று 2020-ல் ஸ்வாந்தே பேபோவும் ஹ்யூகோ ஸீபெர்க்கும் காட்டினார்கள். ஐரோப்பாவில் அது 16 சதவீதம் பேரிடம். நம் தெற்காசியாவில் பாதிப் பேரிடம். மூட மனிதன் என்று பெயர் வைத்த கண்டத்தைவிட நம்மிடம்தான் அந்தச் சொத்து அதிகம். சொந்தக்காரரைத் தேடிச் சைபீரியாவுக்குப் போவானேன்?

வீடியோ எடுப்பவர்களுக்கு வடக்கைப் பற்றி எடுக்க ஆசையென்றால் மினிக்கைப் பற்றி எடுங்கள். அப்பாவின் எலும்பைக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு, கிடைக்காமல், 1918-ல் விஷக்காய்ச்சலில் அமெரிக்காவிலேயே இறந்தான். கிஸுக்கும் கூட வந்த மூவரும் 1993-ல்தான் கிரீன்லாந்து திரும்பி, கானாக் ஊரில் அடக்கமானார்கள். மகன் இன்னும் நியூ ஹாம்ப்ஷயரில்தான் கிடக்கிறான்.