வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும்

வில்லியம் நிக்கல்சனும் ஆன்டனி கார்லைலும் 1800ஆம் ஆண்டில் வோல்டாவின் மின்னடுக்கைக் கொண்டு நீரைப் பகுத்துக் காட்டிய நாள்முதல், நீரின் மின்னாற்பகுப்பு எளிய பொருள்களால் செய்யத்தக்க சோதனையாகவே இருந்துவருகிறது. இரண்டு எவர்சில்வர் தகடுகளும் சிறிது காஸ்டிக் சோடாவும் ஒரு 12 வோல்ட் மின்கலமும் இருந்தால் வீட்டிலேயே கலத்தை அமைத்துவிடலாம். ஆயினும் அமைப்பது எளிது என்பதால் அளப்பதும் எளிது என்றாகிவிடாது. 'பயனுறுதிறன்' என்னும் ஒரே சொல் இரு வேறு விகிதங்களுக்கு வழங்கப்படுவதே இத்துறையின் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

முதலாவது, மின்னோட்டப் பயனுறுதிறன். ஒரு மோல் ஹைட்ரஜன் வெளிப்பட இரண்டு மோல் எலக்ட்ரான்கள், அதாவது ஏறத்தாழ 1,92,970 கூலும் மின்னூட்டம் தேவை என்பது ஃபாரடே விதியின் முடிவு. அவ்விதிப்படி கிடைக்க வேண்டிய வாயுவில் எவ்வளவு உண்மையில் கிடைத்தது என்பதையே இவ்விகிதம் கூறுகிறது. இரண்டாவது, ஆற்றல் பயனுறுதிறன். கிடைத்த ஹைட்ரஜனின் எரிவெப்பத்தைக் கலத்துக்கு அளித்த மின்னாற்றலால் வகுத்தால் இது கிடைக்கும். எரிந்து உண்டாகும் நீர் திரவமாகக் குளிர்வதாகக் கொண்டால் எரிவெப்பம் மோலுக்கு 285.8 கிலோஜூல், ஆவியாகவே நிற்பதாகக் கொண்டால் 241.8 கிலோஜூல் என்பதால், எந்த மதிப்பு கொள்ளப்பட்டது என்று சொல்லாத விடை முழுமையான விடையாகாது.

இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவை ஒரு கணக்கே தெளிவாக்கும். ஒற்றைக் கலம் ஒன்று 12 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் மின்னோட்டத்துடன் 20 நிமிடம் இயங்குகிறது எனக் கொள்ளலாம். பாய்ந்த மின்னூட்டம் 600 கூலும்; 30 டிகிரி செல்சியசிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் அதற்குரிய உலர் ஹைட்ரஜன் சுமார் 77 மில்லிலிட்டர். நீருக்கு மேல் கவிழ்த்த அளவுக்குழாயில் 78 மில்லிலிட்டர் சேர்ந்திருந்தால் விடை 101 விழுக்காடு என வந்து, சோதனையாளரை வியப்பில் ஆழ்த்தும். ஆனால் குழாயில் இருப்பது உலர்ந்த வாயு அன்று. அவ்வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல் ஆதலால், கொள்ளளவில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் நீராவியே ஆகும். அதை நீக்கினால் உலர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 75 மில்லிலிட்டராகவும் விகிதம் 97 விழுக்காடாகவும் குறைந்து, வியப்பும் அகன்றுவிடும். கலம் சூடேறி வாயு 60 டிகிரியில் அளக்கப்பட்டால் நீராவியின் பங்கு ஐந்தில் ஒன்றை எட்டும்.

அதே சோதனையின் ஆற்றல் கணக்கோ வேறு. அளித்த ஆற்றல் 7,200 ஜூல்; கிடைத்த ஹைட்ரஜனின் எரிவெப்பம், உயர் மதிப்பைக் கொண்டாலும், 860 ஜூலுக்குச் சற்றுக் குறைவு; ஆகவே பயனுறுதிறன் 12 விழுக்காடே. எஞ்சியதில் பெரும்பகுதி கரைசலைச் சூடாக்கவே செலவாயிற்று. 25 டிகிரியில் நீரைப் பகுக்கக் கோட்பாட்டளவில் தேவைப்படும் குறைந்த மின்னழுத்தம் 1.23 வோல்ட், சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் எடுக்காமலும் வெளிவிடாமலும் கலம் இயங்கும் மின்னழுத்தம் 1.48 வோல்ட். கலம் ஒன்றுக்கு 2 வோல்ட் அளவில் இயக்கினால், இதே 97 விழுக்காட்டு மின்னோட்டப் பயனுறுதிறனுடன் ஆற்றல் பயனுறுதிறன் 70 விழுக்காட்டைத் தாண்டும்.

மின்சாரத்தை அளப்பதிலும் இதே கவனம் வேண்டும். துடிப்பு மின்வழங்கியில் பாதி நேரம் மட்டும் 12 வோல்ட்டும் 1 ஆம்பியரும் நிலவினால் உண்மைச் சராசரித் திறன் 6 வாட். மல்டிமீட்டர் காட்டும் சராசரி 6 வோல்ட்டையும் சராசரி 0.5 ஆம்பியரையும் பெருக்கினாலோ 3 வாட் மட்டுமே வரும். வகுக்கும் எண் பாதியாகக் குறைந்ததால் பயனுறுதிறன் இரட்டித்ததுபோல் தோன்றும். கணத்துக்குக் கணம் உள்ள மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி அதன் பிறகே சராசரி காண்பதுதான் முறை. ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் அதே மின்னோட்டம் ஒவ்வொரு கலத்திலும் வாயுவை வெளியிடும் என்பதை மறப்பவருக்கு மின்னோட்டப் பயனுறுதிறன் 600 விழுக்காட்டை நெருங்கும்.

வேதியியலும் கணக்கைக் குலைக்கும். சமையலுப்பு கலந்த கரைசலில் நேர்மின்வாயில் குளோரின் என்னும் நச்சுவாயு வெளிப்படும். எவர்சில்வர் தகடு அரிக்கப்பட்டால் அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைசலில் கலக்கக்கூடும். ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய இரு வாயுக்களையும் தனித்தனியே சேகரித்து 2:1 விகிதம் நிலவுகிறதா எனப் பார்ப்பது இத்தகைய பக்க வினைகளைக் காட்டிக்கொடுக்கும். வெடிக்கும் கலவை ஒரே கொள்கலத்தில் சேராமலும் காக்கும்.

ஆதலால் ஒவ்வோர் அறிக்கையும் கலத்தின் முனைகளில் அளந்த மின்னழுத்தம், மின்னோட்டம், நேரம், வாயுவின் வெப்பநிலை, அழுத்தம், நீராவித் திருத்தம், கொள்ளப்பட்ட எரிவெப்ப மதிப்பு ஆகியவற்றைத் தாங்கியிருக்க வேண்டும் என இவ்விதழ் வலியுறுத்துகிறது. இவற்றுடன் வரும் 12 விழுக்காடு, மற்றொருவர் தம் மேசையில் மீண்டும் செய்து சரிபார்க்கத்தக்க அறிவு. இவையின்றி வரும் 101 விழுக்காட்டைச் சரிபார்க்கவோ திருத்தவோ எவருக்கும் வழியில்லை.