கற்சிலைமடுக் கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் வரலாறும் நிற்கட்டும்

வன்னி வாழ் உறவுகளுக்கும் புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்க்கும்,

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் இருப்பது வென்ற பிரித்தானியர் நாட்டிய கல். கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31 அன்று இவ்விடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அதன் செய்தி, அதுவும் ஆங்கிலத்தில். ஆனாலும் உள்நாட்டுப் போருக்குப் பின் அது உடைக்கப்பட்டபோது ஊரே துடித்தது. பகைவர் எழுதியதென்றாலும், சண்டை நடந்த மண்ணிலேயே எங்கள் மன்னன் பண்டாரவன்னியனின் பெயரைச் சொல்லி நின்ற பழைய சாட்சி அது.

அந்தக் கல் சொல்லாத பாதியை நாங்கள்தான் எழுதவேண்டும். 1803 ஜூனில் கண்டியில் பிரித்தானியப் படை அழிந்தது. ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் கண்டிப் படையினரின் துணையோடு முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினார். கோட்டையை விட்டுப் படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பியவர் வேறு யாருமல்ல, இதே டிறிபேர்க்தான். அதன்பின்பே யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கமிருந்தும் படைகள் வன்னிக்குள் இறங்கின. அவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்காக வேண்டியிருந்தது என்பதைக் கல்லைப் பார்க்கும் பிள்ளை எப்படி அறியும்?

இன்னொன்று. ஒக்ரோபர் 31 ஐ அவர் மாண்ட நாளாகப் பலர் சொல்கிறார்கள். கல்லிலேயே அப்படி இல்லை. அந்தத் தோல்விக்குப் பின்னும் அவர் உயிரோடிருந்து ஆங்கிலேயருக்குத் தலையிடியாகவே இருந்தார். காக்கை வன்னியன் அவரைக் காட்டிக்கொடுத்த கதையும் குருவிச்சி நாச்சியாரோடு அவர் கொண்ட காதல் கதையும் எழுத்தாளர் முல்லைமணியின் நாடகம் போன்றவற்றால் எங்கள் நெஞ்சில் பதிந்தவை. அவற்றை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் நினைவிடத்துப் பலகையில் ஆவணம் சொல்வதே ஏறவேண்டும். வவுனியாவில் வாளோடு நிற்கும் சிலையின் முகமும் சிற்பியின் கற்பனைதான். அவரைப் பார்த்து வரைந்த படம் எதுவும் எங்களிடம் இல்லை.

ஆகவே கேட்கிறோம். கல்லின் மிச்சத்தின் மேல் சீமெந்து பூசவோ, வர்ணம் அடிக்கவோ, வேறிடத்துக்குக் கொண்டுபோகவோ வேண்டாம். அதன் வாசகத்தை மாற்றவும் வேண்டாம். பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முழு வரலாற்றையும் சொல்லும் பலகையொன்றை நிறுத்த, பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் நாங்கள் எழுதும் மடலில் கையொப்பமிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கல் உடையாதிருந்த காலத்தில், பாடசாலைச் சுற்றுலாவிலோ திருவிழாவுக்கு வந்தபோதோ அதனருகே நின்று படம் எடுத்தவர்கள் பலர். 2009 இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் அல்பங்கள் எல்லாம் பதுங்குகுழிகளோடு போயின. கனடாவிலோ இலண்டனிலோ, அதற்கு முன்பே அனுப்பிய படம் ஒன்று உங்கள் பெட்டியில் இருக்கலாம். எழுத்துத் தெளிவாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிரதியெடுத்து ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பிவையுங்கள். எடுத்த ஆண்டு நினைவிருந்தால் பின்புறத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கற்சிலைமடு, ஒட்டுசுட்டான் ஊரவர்