மழைநீர் கசியும் புதிய கார்



வளைகுடாவில் 14 ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய என் மைத்துனர், குடும்பத்திற்கென ஏழு இருக்கைகள் கொண்ட புதிய கார் ஒன்றை வாங்கினார். முதல் மழையிலேயே பின்கதவு வழியாக நீர் கசிந்து உள்ளே விரிப்பெல்லாம் ஊறிப்போயிற்று. வாரண்டி இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்கு நான்கு முறை சென்றார். ஒவ்வொரு முறையும் சரிசெய்துவிட்டோம் என்றார்கள். அடுத்த மழையில் மீண்டும் கசிந்தது. சலித்துப்போனவர், "கோடையில் விற்றுவிடலாம் மச்சான், அப்போது யாருக்கும் தெரியாது" என்றார்.

ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர் அவர். மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை எங்கள் மத்ரஸாவின் சிறு பிள்ளைகளும் அறிவர். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள் (முஸ்லிம்). அந்த மழைக்கு வணிகர் பொறுப்பல்லர். காரின் குறைக்கு மைத்துனரும் பொறுப்பல்லர். ஆனால் மறைத்தால், அது அவருடைய செயலாகிவிடும். குறையுள்ள பொருளை விற்பதை மார்க்கம் தடுக்கவில்லை. விலை குறைந்தாலும் சொல்லி விற்க வேண்டும் என்கிறது. மறைத்து விற்கப்பட்டதைத் திருப்பித் தரும் உரிமையும் வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதனைக் 'கியாருல் ஐப்' என்று அழைக்கின்றன.

அப்படியானால் மைத்துனரும் வாங்கியவர்தானே? நம்மவருள் பலர், உரிமையைக் கேட்டு நிற்பது சபருக்கு மாறானது என எண்ணுகின்றனர். கேட்க வேண்டிய இடத்தில் கேளாமல், ஏமாளியாக ஒருவரைத் தேடுவதைப் பொறுமை என்று நான் சொல்லமாட்டேன்.

அவருடைய ஜாப் கார்டுகளை வாங்கிப் பார்த்தேன். நான்கில் மூன்றில் 'பொதுப் பரிசோதனை' என்றே இருந்தது. நீர்க்கசிவு என்ற சொல்லே இல்லை. படித்துப் பாராமல் கையெழுத்திட்டிருக்கிறார். கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனத்தை (2:282) அழகாக ஓதக்கூடியவர்!

ஐந்தாம் முறை நானும் உடன் சென்றேன். குறையை அவர் சொன்னபடியே எழுதச் செய்து, அதன் நகலையும் நீர் கசியும் காணொளியையும் நிறுவனத்திற்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிட்டோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வழக்கிற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

நிறுவனத்திற்கு 15 நாள் கெடு கொடுத்திருக்கிறோம். விற்கும் பேச்சை மைத்துனர் இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்.