கேள்வியை யாரிடம் கேட்பது?



போன வாரம் வெள்ளிமலையிலிருந்து பழைய மாணவர் ஒருவர் மகனோடு வீட்டுக்கு வந்தார். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு அக்னிவீர் தேர்வுக்காக விடிகாலையில் மலைச்சாலையில் 1600 மீட்டர் ஓடிப் பழகுகிறான். "நாலு வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாமே சார், மிலிட்டரிக்காரங்க ஏன் இப்படிப் பண்ணாங்க?" என்று கேட்டார் அப்பா.

கேள்வியிலேயே ஒரு பிழை. அதில் எனக்கும் பங்குண்டு. முப்படைகளின் தலைவர் குடியரசுத் தலைவர் என்று ஒரு மார்க்குக்கு மனப்பாடம் செய்ய வைத்தேனே தவிர, பாதுகாப்பு அமைச்சகம் எதற்கு இருக்கிறது என்று வகுப்பில் விளக்கியதே இல்லை.

போரை எப்படி நடத்துவது என்பது தளபதிகள் வேலை. சிப்பாய்க்கு எத்தனை வருடம் பணி, பென்ஷன் உண்டா இல்லையா என்பதெல்லாம் அரசின் முடிவு. அக்னிபத் திட்டத்துக்கு 14.6.2022 அன்று ஒப்புதல் தந்தது மத்திய அமைச்சரவை. அறிவித்தவர் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங். நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாகலாம். மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி, மாதாமாதம் அவர்கள் சம்பளத்தில் பிடித்த 30 சதவீதம்தான். பென்ஷன், கிராஜுவிட்டி கிடையாது. பழைய முறையில் 15 ஆண்டு பணி செய்த சிப்பாய்க்குப் பென்ஷன் இருந்தது.

திட்டமே தவறு என்று சொல்ல மாட்டேன். 2022-23 பாதுகாப்பு பட்ஜெட் சுமார் 5.25 லட்சம் கோடி. பென்ஷனுக்கு மட்டும் சுமார் 1.19 லட்சம் கோடி. படை இளமையாக இருக்க வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. எனக்கு உறுத்துவது வேறு. நாடெங்கும் இளைஞர்கள் கொதித்தபோது, ஜூன் 19 அன்று பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து விளக்கம் சொன்னவர்கள் சீருடை அணிந்த அதிகாரிகள். அரசின் முடிவுக்கு அமைச்சர்தான் முன்னால் நின்றிருக்க வேண்டும். ராணுவ அதிகாரி சொன்னால் எதிர்க்கேள்வி கேட்க நமக்கே கூச்சமாக இருக்குமே! 1962 சீனப் போரில் அடி வாங்கியபோது தளபதி தாப்பரும் விலகினார். ஆனால் நாடாளுமன்றத்தின் கோபம் பாய்ந்தது அமைச்சர் கிருஷ்ண மேனன் மீது. அவர் பதவி போனது.

2022 கடைசியில் சேர்ந்த முதல் அணிக்கு 2026 கடைசியில் நான்கு ஆண்டு நிறைகிறது. திரும்பி வருகிறவர்களுக்கு வேலை எங்கே? துணை ராணுவத்தில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022-ல் அறிவித்தார்கள். அது உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. கல்வராயன்மலையில் ஊருக்குத் திரும்புகிற பையனுக்கு மரவள்ளிக் காட்டைத் தவிர என்ன இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

நம் கள்ளக்குறிச்சி எம்.பி. மக்களவையில் பாதுகாப்பு அமைச்சரிடம் கேள்வி எழுப்பலாம். பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர். அப்பாவையும் மகனையும் திண்ணையில் உட்கார வைத்து எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுத வைத்தேன். பையன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஒற்றுப்பிழை மூன்று இருந்தது, திருத்திக் கொடுத்தேன். ஓட்டப் பயிற்சியை விட்டுவிடாதே என்றும் சொல்லி அனுப்பினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். கடிதத்தின் படியை அனுப்பி வைக்கிறேன்.